கால் படாத பாதை

பாரிசின் லியோன் நிலையத்திலிருந்து தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மொரே வந்துவிடும். மதில் வாசல்கள் இன்னும் நிற்கிற பழைய ஊர். லுவேன் என்ற சிற்றாறு அதன் கல்பாலத்தின் கீழே நுழைந்து போய், இரண்டு கிலோமீட்டர் தள்ளி சான்-மமேஸில் செய்ன் நதியோடு கலக்கிறது. ஓவியர் ஆல்ஃப்ரெட் சிஸ்லே தம் கடைசி ஆண்டுகளை இங்கே கழித்து, 1899 ஜனவரியில் இங்கேயே இறந்தார். அவர் வரைந்த பாலத்தையும் பாப்லர் வரிசைகளையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எனக்கு இந்த ஊர் காலால் பழக்கமானது. இங்கிருந்து ஓடக் கிளம்பினால் ஒரே காலையில் மூன்று தரை கிடைக்கும்: கால்வாய்க் கரையின் இறுகிய மண், படுகைப் புல்லின் ஈரம், அதைத் தாண்டினால் ஃபொந்தேன்புளோ காட்டின் வெண்மணல். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மூன்றிலும் ஓடினேன். இன்றும் ஓடுகிறேன். இதற்கிடையில் ஓடுவது எளிதாகிவிட்டது, ஓடும் நிலம் சுருங்கிவிட்டது. இரண்டும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று பார்க்காமலே நடந்தன.

முதன்முதலில் இந்தக் காட்டில் ஓடியது என் விருப்பத்தால் அல்ல. புதுச்சேரியில் எங்களுடையது, பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தா குடும்பம். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சில ஆயிரம் பேரில் என் அப்பாவும் ஒருவர். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில், இங்கே பிறந்த பையன்களைப் போலவே எனக்கும் பன்னிரண்டு மாதக் கட்டாய ராணுவப் பணி வந்தது. விடியுமுன் எழுப்புவார்கள். கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் கனத்த தோல் பூட்சு, முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி. அதோடு எட்டு கிலோமீட்டர். மணலில் பூட்சு புதையும். ஏறினால் பாறை, இறங்கினால் வேர். எந்த வழியாகப் போகிறோம், எங்கே திரும்புவோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரைபடம் சார்ஜெண்டின் சட்டைப் பைக்குள் இருக்கும். முன்னால் ஓடுகிறவனின் முதுகுதான் எங்களுக்கு வழி.

ஓடும் வழி ராணுவ ரகசியமாக இருந்த அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டுதான் 2018 ஜனவரியில் வந்த ஒரு செய்தியைப் படித்தேன். ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. பாலைவனத்தின் நடுவே, வெளியாருக்குத் தெரியாமல் இருந்த படைமுகாம்களின் சுற்றுச்சுவரைச் சுற்றி வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. காலையில் கைக்கடிகாரத்தை இயக்கிவிட்டு ஓடிய சிப்பாய்கள் தங்கள் முகாமைத் தாங்களே வரைந்து காட்டியிருந்தார்கள். எங்களுக்கு மறைத்து வைத்த கோட்டை அவர்கள் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் பாதை என்பதே ரகசியத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழாமல் போகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் தனியாகக் காட்டுக்குள் போனபோதுதான் பாறைகளில் நீல வண்ணக் கோடுகளைக் கண்டேன். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் குகை வரும், மேட்டிலிருந்து காடு முழுக்கத் தெரியும் ஓர் இடம் வரும், பிறகு தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். யார் போட்டது என்று விசாரித்தேன். குளோத்-ஃபிரான்சுவா தெனெகூர், 1788-இல் பிறந்தவர், நெப்போலியனின் படையில் இருந்த சிப்பாய். நடுவயதில் ஃபொந்தேன்புளோவில் இருந்த வேலையும் போன பிறகு, இந்தக் காட்டைக் காலால் அளக்கத் தொடங்கினார். 1842 முதல் பாறைகளுக்கிடையே நடைபாதை வெட்டி அடையாளம் போட்டார். தம் கைக்காசைச் செலவழித்தார், வழிகாட்டிப் புத்தகம் எழுதி விற்றார். 1875-இல் அவர் இறந்த பிறகு ஷார்ல் கொலினே அந்த வேலையைத் தொடர்ந்தார். இருவருமாகப் போட்டது நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். பொழுதுபோக்காக நடக்கிறவர்களுக்கென்றே அடையாளமிட்ட பாதைகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது.

இந்தக் காட்டை நடந்து பார்த்து நேசித்த வேறு சிலர் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். பக்கத்திலுள்ள பார்பிசோன் கிராமத்தில் தங்கியிருந்த ஓவியர்கள், தெயோதோர் ரூசோ முன்னிற்க, பழைய ஓக் மரங்களை வெட்டாதீர்கள் என்று அரசுக்கு விண்ணப்பித்தார்கள். 1861-இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணை ஆயிரம் ஹெக்டேருக்கும் சற்று மேலான காட்டை வெட்டாமல் விட்டது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா வந்தது 1872-இல், அதற்குப் பதினொரு ஆண்டு கழித்து. சட்டம் பின்னால் வந்தது. நடந்து பார்த்து நேசித்தவர்கள் முன்னால் வந்தார்கள். இந்த வரிசையை நான் மறப்பதில்லை.

பணி முடிந்த பிறகும் ஓட்டம் என்னை விடவில்லை. அப்போது சாலையிலோ கிராமப் பாதையிலோ ஒருவன் அரைக்கால் சட்டையோடு ஓடினால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். என் நிறத்தில் ஒருவன் ஓடினால் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பார்கள். ஓட்டம் என்பது மைதானத்துக்கு உள்ளே, சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அதற்கு முந்தைய பத்தாண்டில்தான் உடையத் தொடங்கியிருந்தது. அதை உடைத்ததில் பெரும்பங்கு 1972-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஸ்பிரிதோன் என்ற இதழுக்கு உண்டு. வயதும் வேகமும் எதுவானாலும் யாரும் எங்கும் ஓடலாம் என்று அது விடாமல் எழுதியது. 1973-இல் தெற்கு மலைநாட்டில் மார்வெஜோலிலிருந்து மாந்த் ஊருக்கு ஓடும் பந்தயம் தொடங்கியதும் அந்த உற்சாகத்தில்தான். கசங்கிப் பலர் கைமாறிய பழைய ஸ்பிரிதோன் ஒன்று எனக்கும் கிடைத்தது. என் ஓட்ட ஆசான் அந்த இதழ்தான். ஆனால் அன்று லுவேன் கரையில் ஓடும் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் ஓடக் கிடைத்தது 1984-இல்தான்.

அந்தக் காலத்தில் என் வழி கால்வாயில் தொடங்கும். லுவேன் ஆற்றுக்குப் பக்கத்திலேயே, 1720-களில் திறந்த கால்வாய் ஓடுகிறது. தானியமும் மணலும் ஏற்றிய முப்பத்தெட்டரை மீட்டர் நீளப் படகுகள் அதில் போகும். 1879-இல் அமைச்சர் ஃபிரெய்சினே வகுத்த அளவு அது. மதகுகளை அதற்கேற்ப மாற்றிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சிறு வீடு, வாசலில் ஜெரேனியம் தொட்டி, உள்ளே மதகுக்காரக் குடும்பம். படகு மேலேறும் வரை நான் கரையில் நின்று மூச்சு வாங்குவேன். மதகுக்காரர் மனைவி சக்கரத்தைச் சுற்றியபடியே வணக்கம் சொல்வார். படகு இழுத்த குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதை அது. குதிரைகள் போய் வெகுகாலம் ஆகியும் மண் அந்தக் கனத்தில் இறுகியே இருந்தது. ஓட அதைவிட நல்ல தரை வேண்டாம்.

கால்வாயை விட்டு ஆற்றைக் கடந்தால் படுகை. குளிர்காலத்தில் ஆறு மேலேறி வந்து புல்வெளி முழுக்க ஒரு சாண் தண்ணீர் நிற்கும். மார்ச்சில் வடியும்போது வண்டலை விட்டுப் போகும். அந்தப் புல்லுக்கு வேறு உரமே வேண்டாம். மே மாதத்தில் மஞ்சள் ஐரிஸ் ஓடைக்கரை நெடுகப் பூக்கும். ஜூனில் புல் இடுப்பளவு நிற்கும். அதன் நடுவே நேராகக் காட்டுக்குப் போனால் கால் மணி மிச்சமாகும் என்று நினைத்து ஒருநாள் இறங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

“முசியே, அங்கே வேண்டாம். வேலியோரமாக வாருங்கள்” என்றார்.

மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். அவர் கோபமாக இல்லை. நான் நடந்த தடத்தைக் கையால் காட்டினார். புல் படுத்திருந்தது. “படுத்த புல்லை அரிவாள் எடுக்காது. இயந்திரமும் எடுக்காது, மேலே தடவிக்கொண்டு போய்விடும். நீங்கள் வந்த அகலத்துக்கு எனக்கு உலர்புல் போச்சு.” அப்புறம் வேலியோரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஆள் அகலத்துக்குப் புல்லை ஒட்ட அறுத்து விட்டிருந்தார். கோடி முனையில், மாடு புக முடியாமல் மனிதன் மட்டும் உடம்பைத் திருப்பிப் புகுந்து போகிற மாதிரி நான்கு மரத்தூண்களை வளைவாக நட்டிருந்தார். “இது ஊர்ப் பாதை. என் தாத்தா காலத்தில் இந்த வழியாகத்தான் ஆலைக்குத் தானியம் போனது. ஆண்டுக்கு இரண்டு தடவை நான் அறுத்துவிடுவேன். யாராவது நடக்க வேண்டுமே.”

பிறகு அந்தப் பாதையில்தான் ஓடினேன். ஜூன் கடைசியில் அவர் புல் அறுப்பார். அதற்கு முன் அறுத்தால் தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் இயந்திரத்தில் மாட்டும் என்பார். அறுத்த புல்லை வெயிலில் புரட்டிப் போடுவார். மறுநாள் காலை அந்த வாசனைக்குள் ஓடுவது எனக்கு வாய்த்த பெரிய பாக்கியங்களில் ஒன்று. மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும். ஓடைமேல் நீலக் கீற்றாக மீன்கொத்தி பறக்கும். மரத்தூண் வளைவில் உடம்பைத் திருப்பி நுழைந்தால் அங்கிருந்தே காட்டின் மணல் தொடங்கிவிடும்.

வேலை நிமித்தம் நீண்ட காலம் வேறு ஊர்களில் இருந்தேன். ஓய்வு பெற்றதும் இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலேயே வீடு வாங்கிக்கொண்டு வந்தேன். முதலில் மகிழ்ச்சியைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மை. கால்வாய்க் கரை இப்போது ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பாதையின் ஒரு துண்டு. நார்வேயிலிருந்து ஸ்பெயின் வரை போகிற வழி இது. பிரான்சுக்குள் ஸ்காந்திபெரீக் என்ற பெயரில் 2018-இல் திறந்தார்கள். சரக்குப் படகு குறைந்தாலும் ஆள் நடமாட்டம் கூடியிருக்கிறது. காலையில் ஓடுகிறவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள். தாயும் மகளும் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் ஓடுகிறார்கள். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. காலணி இறகு கனம்கூட இல்லை. மோந்திஞி ஊரை ஒட்டிய சோர்க் சமவெளியில், மணல் அள்ளிய குழிகளெல்லாம் நீர்நிலைகளாகி, மாவட்ட நிர்வாகத்தின் பாதுகாப்பில் பறவைகள் வாழும் இடமாகியிருக்கின்றன. 1985 ஜூலை மாதச் சட்டம் ஒன்று, கட்டடம் கட்டுகிறவர்களிடம் வரி வாங்கி அந்தப் பணத்தில் இப்படிப்பட்ட நிலங்களை வாங்கவும் காக்கவும் மாவட்டங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. நல்ல சட்டத்துக்கு நான் நன்றி சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் பெரியவரின் படுகையைத் தேடிப் போனபோது புல்வெளி இல்லை. ஏழு மீட்டர் இடைவெளியில் கோடு பிடித்து நட்ட பாப்லர் மரங்கள் நின்றன. இந்த மாற்றம் இங்கே மட்டும் நடந்ததில்லை. போருக்குப் பின் மரத்தட்டுப்பாட்டைத் தீர்க்க 1946-இல் தேசிய வன நிதி உருவாயிற்று. ஆற்றுப் படுகைகளில் பாப்லர் நட அது தாராளமாக உதவியது. மாடு வளர்ப்பதை விட்ட குடும்பங்களுக்கு அது வசதியாக இருந்தது: நட்டால் பதினைந்து இருபது ஆண்டில் வெட்டிவிடலாம், கமம்பேர் பாலாடைக்கட்டிப் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் போகும், நடுவில் பெரிய வேலை இல்லை. அந்தக் குடும்பங்கள் மேல் எனக்குக் குறையில்லை. பால் விலை அவர்களை என்ன செய்தது என்று பார்த்தவன் நான். ஆனால் நிழல் விழுந்ததும் ஐரிஸ் போயிற்று, இடுப்பளவு புல் போயிற்று, அதில் கூடு கட்டிய பறவையும் போயிற்று. 1960-க்கும் 1990-க்கும் இடையில் பிரான்சின் ஈரநிலங்களில் பாதி அழிந்துவிட்டதாக 1994-இல் அரசுக்கே ஒரு மதிப்பீட்டு அறிக்கை வந்தது. நான் ஓடக் கற்றுக்கொண்ட ஆண்டுகள் அந்த முப்பதுக்குள் அடங்குகின்றன.

ஆற்றோர மரங்களும் முன்போல இல்லை. லுவேன் கரையின் உயரமான ஃபிரேன் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை, 2008-இல் பிரான்சின் கிழக்குப் பகுதியில் முதலில் தென்பட்டு, மேற்கே பரவிவிட்டது. அது வேர்க்கழுத்தையும் அரிப்பதால், பச்சையாகத் தெரிகிற மரமே காற்றில்லாத நாளில் சாயும். அதனால் சில கரைகளில் பாதையை மூடுகிறார்கள். மூடுவது சரிதான். அந்த மரங்களை நட்டு வளர்த்தவர்கள் கரையைப் பிடித்து நிறுத்தத்தான் நட்டார்கள். இப்போது வேரும் போய்க் கரையும் இடிகிறது.

2016 மே கடைசியில் விடாமல் மழை பெய்தது. ஜூன் முதல் நாட்களில் லுவேன் 1910 பெருவெள்ளத்தின் மட்டத்தையும் தாண்டி நெமூர் நகரின் தெருக்களுக்குள் நுழைந்தது. ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு நான் ஓடும் வழியெங்கும் முள்வேலிகளில் பிளாஸ்டிக்கும் காய்ந்த புல்லும் தலைக்கு மேல் உயரத்தில் சிக்கிக் கிடந்தன. தண்ணீர் எங்கே நிற்கும் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியும். மார்ச் வரை நிற்கட்டும் என்று புல்வெளியை அதற்கு விட்டுக்கொடுத்தவர் அவர். படுகையில் வீடும் கிடங்கும் வந்த பிறகு ஆற்றுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கோடை வெள்ளம் வந்து கற்றுத்தந்த பாடத்தை நகராட்சிகள் இப்போது பேசுகின்றன: படுகையைப் படுகையாகவே விட வேண்டும் என்று. புல்வெளியைக் காப்பது பறவைக்காகவும் ஓடுகிறவனுக்காகவும் மட்டும் இல்லை, கீழே இருக்கிற ஊருக்காகவும்தான்.

இனி பாதைக்கு வருகிறேன். வேலியோரப் பாதை பாப்லர் தோப்புக்குள் இன்னும் இருக்கும் என்று நம்பி நுழைந்தேன். கொஞ்ச தூரம் போனதும் முட்புதர், அதன் பிறகு மக்காச்சோளம். மரத்தூண் வளைவு இருந்த இடத்தில் இரும்புக் கதவு நின்றது, அதில் பூட்டு தொங்கியது. ‘தனியார் சொத்து’ என்று பலகை. 2023 பிப்ரவரியில் வந்த ஒரு சட்டம் அந்தப் பலகைக்குப் புதிய பலம் கொடுத்திருக்கிறது. சொலோஞ் பகுதியில் வேட்டைப் பண்ணைகள் காடுகளைச் சுற்றி எழுப்பிய உயர்ந்த வேலிகளை ஒடுக்குவதற்காக வந்த சட்டம் அது. வேலி 1.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கீழே 30 சென்டிமீட்டர் விட வேண்டும், விலங்குகள் போய்வர வேண்டும் என்கிறது. அது நல்லது. அதே சட்டம், பலகை வைத்த கிராமப்புறத் தனியார் நிலத்துக்குள் கால் வைக்கும் மனிதனுக்கு 135 யூரோ தண்டம் விதிக்கிறது. மானுக்குத் திறந்த வழி மனிதனுக்கு மூடிற்று.

ஆற்றோரம் ஓடுகிறவர்கள் பலருக்கும் கரையின் சட்டம் தெரியாது. அரசுக்குச் சொந்தமான ஆறு என்றால், கரை நிலக்காரர் 3.25 மீட்டர் அகலம் நடப்பவர்களுக்கு விட்டாக வேண்டும். படகு இழுத்த பக்கமானால் 7.80 மீட்டர். அரசுடையதல்லாத சிற்றாறுகளில் அப்படி எதுவும் இல்லை; ஆற்றின் நடுப்பகுதி வரை கரை நிலக்காரருக்கே சொந்தம். இவற்றுக்கு வெளியே இருப்பது ஊர்ப் பாதை. அது ஊர் மன்றத்தின் உடைமை, ஆனால் பொதுச் சாலைக்குள்ள முழுப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. முப்பது ஆண்டு ஒருவர் அதைத் தம் நிலமாகவே உழுது, அடைத்து, யாரும் கேட்காமல் அனுபவித்தால் அது அவருடையதாகிவிடும். அதே சட்டம் வேறொன்றும் சொல்கிறது: மக்கள் நடந்து போய்வருவதே, அது பொதுப் பாதை என்பதற்குச் சான்று.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பெரியவர் ஆண்டுக்கு இரண்டு தடவை புல் அறுத்து, “யாராவது நடக்க வேண்டுமே” என்று சொன்னது வெறும் உபசாரம் இல்லை. அவர் பாதையின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு யாரும் நடக்கவில்லை. ஓடுகிறவர்கள் அப்போது குறைவு என்பதால் அல்ல. அதற்குப் பின் ஓடுகிறவர்கள் பெருகினார்கள். ஆனால் பெருகிய அத்தனை பேரையும் செயலியின் வெளிச்சக் கோடு ஒரே வழியில் அனுப்பியது. ஃபொந்தேன்புளோ காட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான வருகைகள். அங்கே பெயர்பெற்ற மேடுகளில் மணல் சரிந்து, வேர்கள் வெளியே வந்து நிற்கின்றன. வனத்துறை கட்டை அடித்துப் படி வைக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி, வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் கிடக்கும் ஊர்ப் பாதையில் ஆண்டு முழுவதும் ஒரு கால்கூடப் படுவதில்லை. ஒரு பாதை மிதிபட்டுச் சாகிறது, இன்னொன்று மிதிபடாமல் சாகிறது.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம் மட்டும், கையொப்பமிட்ட தாளோடு ஓடலாம் என்றார்கள். காடு மூடியிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஓடி ஓடித்தான் என் சிற்றூரின் பாதைகளை முழுதாகத் தெரிந்துகொண்டேன். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே முட்செடி மூடிய சந்து ஒன்று இருந்தது. அதில் இறங்கினால் கால்வாய்க்கு நேர்வழி. அண்டை வீட்டுக்காரர்களுக்கே அது தெரியவில்லை. முடக்கம் முடிந்ததும் ஊர் மன்ற அலுவலகமான மேரிக்குப் போய் நில அளவை வரைபடத்தைக் கேட்டேன். எடுத்து விரித்தார்கள். சந்து இருந்தது. பெரியவரின் பாதையும் இருந்தது. இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே வெள்ளையாக, எண் எதுவும் இல்லாமல்.

2022 பிப்ரவரியில் வந்த சட்டம் ஒன்றில் ஊர் மன்றங்களுக்கு ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். தம் ஊர்ப் பாதைகளைக் கணக்கெடுப்பதாக மன்றம் தீர்மானம் போட்டால், அந்த முப்பது ஆண்டுக் கணக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நின்றுவிடும். எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து அதைக் கேட்டோம். மேயர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார், தீர்மானம் வந்தது. கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டுமே என்றபோது நாங்களே போனோம். ஆளுக்கு ஒரு வரைபட நகல், கத்தரி, அளவு நாடா. சந்தை மீட்டோம். பெரியவரின் பாதையில் பாப்லர் பக்கத்துத் துண்டு ஊருக்குத் திரும்பியது. மக்காச்சோளத்துக்குள் போன துண்டுக்கு வழக்கு நடக்கிறது.

அதிலிருந்து நான் அடையாளம் போடும் தன்னார்வலரும் ஆனேன். சிவப்பும் வெள்ளையும் கலந்த நெடும்பாதை அடையாளத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள். 1947-இல் ஓர்லெயான் பக்கம், லுவார் நதியோரத்தில் முதல் துண்டுக்கு அதைப் போட்டார்கள். உள்ளூர்ப் பாதைக்கு மஞ்சள். வேலை இப்படி: முதலில் இரும்புத் தகட்டால் மரப்பட்டையின் பாசியை மென்மையாகச் சுரண்ட வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. பிறகு கம்பித் தூரிகையால் தூசி போக்கி, ஈரம் காயும் வரை காத்திருந்து, கண் உயரத்தில் வண்ணம் இட வேண்டும். பிரிவு வரும் இடத்தில் திரும்பும் கோடு, தப்பான வழியில் பெருக்கல் குறி. அடுத்த அடையாளம் தெரிகிற தூரம் வரை நடந்து திரும்பிப் பார்க்க வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கும் தெரிகிறதா என்று. ஒரு காலைப்பொழுதில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் முடியும். ஓடினால் அரை மணிகூட ஆகாத தூரம். தெனெகூர் எத்தனை காலைகளைச் செலவிட்டிருப்பார் என்று அப்போதுதான் தோன்றும்.

பாரிசின் புறநகர்களில் இன்று ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. புதுச்சேரியிலிருந்து வந்தவர்களும் ஈழத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள். அவர்களிடம் சில வார்த்தை. படுகைக்கு ஜூலையில் போங்கள். புல் நிற்கும் வரை ஓரமாக, ஒற்றை வரிசையில் ஓடுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். வேட்டைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். லைம் நோய் இங்கே மெய்யான ஆபத்து. பூட்டிய கதவில் ஏறாதீர்கள். அதற்குப் பதில் மேரிக்குப் போய் நில அளவை வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவது அவர்கள் கடமை. ஊர்ப் பாதை அடைபட்டிருந்தால் மேயருக்கு எழுதுங்கள், அதைத் திறந்து வைக்கும் பொறுப்பு சட்டப்படி அவருடையது. பாதைகளைக் கணக்கெடுக்கும் தீர்மானம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். மாவட்ட நடைபாதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்துவிட்டால் மாற்று வழி கொடுக்காமல் அதை விற்க முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது கைக்கடிகாரம் காட்டாத வழியில், முட்செடி கிழித்தாலும் பரவாயில்லை என்று ஓடுங்கள்.